இருப்புக் கொள்ளாத மனம்: அகேடியா என்றால் என்ன?

மறைக்கல்வி வகுப்பில் வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குத் தலையான பாவங்கள் ஏழும் மனப்பாடம். அகங்காரம், கோபம், மோகம் என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசியில் சோம்பல் நிற்கும். ஒப்பிக்கும்போதே பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வரும். மற்ற ஆறும் குடும்பங்களை உடைக்கின்றன, ஊர்களைப் பகையாக்குகின்றன. காலையில் அரைமணி நேரம் கூடுதலாகத் தூங்குவது எப்படி அவற்றோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தது?

நியாயமான சந்தேகம்தான். அந்த இடத்தில் முதலில் இருந்தது சோம்பலே இல்லை. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகள் அங்கே வைத்திருந்த கிரேக்கச் சொல் அகேடியா. கேடோஸ் என்றால் அக்கறை, கவலை. இறந்தவருக்காகத் துக்கம் காப்பதையும் அந்தச் சொல் குறிக்கும். அநீதி, அசுத்தம் என்று நாம் சொல்லும்போது முன்னால் வருகிற அதே எதிர்மறை 'அ' கிரேக்கத்திலும் உண்டு. ஆக, சொல்லைப் பிரித்தால் அகேடியா என்பது அக்கறை அற்றுப்போன நிலை. ஆனால் சொல்லின் வேரைத் தெரிந்துகொண்டால் மட்டும் பொருள் கைக்கு வந்துவிடாது. பாலைவனத்தில் அந்தச் சொல்லுக்கு அவர்கள் ஏற்றிய பொருளைப் பார்க்க வேண்டும். திருச்சபையின் ஆன்மிக வரலாற்றில் இவ்வளவு கூர்மையான மன ஆய்வை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த ஆய்வைச் செய்தவர் எவாக்ரியுஸ். கருங்கடலின் தென்கரையில், இன்றைய துருக்கியில் இருக்கும் பொந்து பகுதியில் 345ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். புனித பசிலியார் இவரை வழிபாட்டில் மறைநூல் படிக்கும் வாசகராக ஏற்படுத்தினார். நசியான்சு கிரகோரியார் திருத்தொண்டராக அருள்பொழிவு செய்தார். 381இல் கான்ஸ்டாண்டிநோபிள் பொதுச்சங்கம் கூடியபோது அந்தத் தலைநகரில் பேச்சாற்றலுக்குப் பெயர் பெற்ற இளம் திருத்தொண்டர் இவர். அங்கேதான் உயர்குடியைச் சேர்ந்த, மணமான ஒரு பெண் மீது மனம் போனது. தப்பிக்க வழி தெரியாமல் ஊரை விட்டே ஓடி எருசலேம் சேர்ந்தார். ஒலிவ மலையில் துறவு மடம் நடத்திய உரோமைப் பெருமாட்டி மெலானியா இவருக்கு இடம் கொடுத்தார். அங்கே மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தார். நடந்ததையெல்லாம் மெலானியாவிடம் சொல்லி, துறவு பூணுவதாக வாக்குக் கொடுத்த பிறகே உடம்பு தேறியதாக அவருடைய மாணவர் பலாடியுஸ் எழுதுகிறார். 383ஐ ஒட்டி எகிப்து போனார். 399இல் இறக்கும்வரை திரும்பி வரவில்லை.

எகிப்தில் அவர் வாழ்ந்த இடத்தின் பெயர் கெல்லியா. 'அறைகள்' என்று பொருள். நைல் கழிமுகத்தின் மேற்கு ஓரத்தில், ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்காத தூரத்தில் சிதறிக் கிடந்த சிறு குடில்கள். வாரத்தில் ஐந்து நாட்கள் தனிமை. சனி ஞாயிறு மட்டும் கூடி வழிபாடும் உணவும். நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல். கைகளுக்கு வேலை கட்டாயம்: பெரும்பாலானவர்கள் பேரீச்சை ஓலையில் கூடையும் கயிறும் முடைந்தார்கள். எவாக்ரியுஸ் நூல்களைப் படியெடுத்து, தன் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் சம்பாதித்துக்கொண்டார். அங்கே மூத்த துறவியை 'அப்பா' என்றுதான் கூப்பிட்டார்கள். அரமேயத்திலிருந்து வந்த சொல். நாம் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லாத பாலைவனச் சொல் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இந்தச் சூழலை மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய 'ப்ராக்திகோஸ்' நூலுக்குள் போகலாம். நூறு சிறு அதிகாரங்கள். சில இரண்டே வரிதான். பன்னிரண்டாம் அதிகாரம் மட்டும் நீளமாக ஓடுகிறது. அகேடியா துறவியைத் தாக்குவது காலை பத்து மணிக்கு. பிற்பகல் இரண்டு மணிவரை விடாது என்று நேரம் குறிக்கிறார். சூரியன் நகரவே இல்லை போலவும், பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பது போலவும் முதலில் தோன்றுமாம். கண் ஜன்னலுக்குப் போகும். பிறகு கால் வாசலுக்குப் போகும்: சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு என்று சூரியனை அளந்து பார்க்க, யாராவது சகோதரர் வருகிறாரா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்க. அடுத்து வெறுப்பு வரும். இந்த இடம் பிடிக்காது, இந்த வாழ்க்கை பிடிக்காது, கையில் இருக்கும் வேலை பிடிக்காது. சகோதரர்களிடையே அன்பு செத்துவிட்டது, ஆறுதல் சொல்ல ஒருவரும் இல்லை என்று மனம் சொல்லும். சமீபத்தில் யாராவது மனம் நோகப் பேசியிருந்தால் அதுவும் சரியாக அந்த நேரத்தில் நினைவுக்கு வரும். பிறகு வேறொரு ஊர் கண்ணில் தெரியும். அங்கே எல்லாம் எளிதாகக் கிடைக்கும், தொழிலும் இலகு. கடவுளை எங்கிருந்தும் தொழலாமே என்று வேதாந்தமும் சேர்ந்துகொள்ளும். வீட்டார் நினைவு, பழைய வாழ்க்கையின் நினைவு, இன்னும் எத்தனை வருடம் இப்படியே கிடக்க வேண்டும் என்ற மலைப்பு. எல்லாம் ஒரே குறிக்கோளுக்காக: அறையை விட்டு எழுந்து ஓட வைக்க.

எட்டுத் தீய எண்ணங்கள் பற்றிய இன்னொரு சிறு நூலில் புத்தகம் படிக்கும் துறவியைக் காட்டுகிறார். இவர் கொட்டாவி விடுகிறார், கண்ணைத் தேய்க்கிறார், சோம்பல் முறிக்கிறார். சுவரை வெறித்துவிட்டு மறுபடி கொஞ்சம் படிக்கிறார். எங்கே முடிகிறது என்று பக்கங்களைப் புரட்டுகிறார், மீதி எத்தனை ஏடு என்று எண்ணுகிறார். எழுத்து சரியில்லை, அலங்காரம் சரியில்லை என்று குறை காண்கிறார். கடைசியில் புத்தகத்தை மூடித் தலைக்கு வைத்துப் படுக்கிறார். தூக்கமும் ஆழமாக வருவதில்லை, பசி எழுப்பிவிடுகிறது. கைப்பேசியை நொடிக்கொரு தரம் எடுத்துப் பார்க்கும் நமக்கு இந்தத் துறவியை அடையாளம் காண 1,600 ஆண்டு தூரம் ஒரு தடையே இல்லை.

அகேடியாவுக்கு 'நண்பகல் பேய்' என்றும் ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள். இந்தப் பெயரின் பின்னால் ஒரு மொழிபெயர்ப்புக் கதை இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் 91ஆம் சங்கீதம், ஆறாம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். 'மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்' என்று இருக்கும், பேய் இருக்காது. காரணம், அது எபிரேய மூலத்தைப் பின்பற்றியது. பாலைவனத் துறவிகள் கையில் இருந்ததோ எழுபதின்மர் என்று நாம் அழைக்கும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு. பாழாக்குதல் என்பதற்குரிய எபிரேயச் சொல்லும் பேய் என்பதற்குரிய சொல்லும், உயிர்க்குறி இல்லாத பழைய எழுத்தில் மிக நெருக்கமாகத் தெரியும். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் பேய் என்று படித்துவிட்டார்கள் என்பது அறிஞர்களின் கணிப்பு. அப்படி ஒரு வாசிப்பிலிருந்து பிறந்த நண்பகல் பேய்க்கு, எகிப்து வெயிலில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து முகம் கொடுத்தார்கள். விவிலியத்தின் மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுப் படிப்பது வெறும் இலக்கணப் பயிற்சி என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் உதாரணம் இதுதான்.

இங்கே தொடக்க நிலை வாசகர் ஒருவர் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. எவாக்ரியுஸ் பாவங்களின் பட்டியல் எதையும் எழுதவில்லை. அவர் எழுதியது எட்டு 'லொகிஸ்மோய்', அதாவது எண்ணங்கள்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், கோபம், அகேடியா, வீண்புகழ், செருக்கு. இவை நம்மை வந்து தொந்தரவு செய்வதும் செய்யாமல் இருப்பதும் நம் கையில் இல்லை. வந்தவை தங்குகின்றனவா, உணர்ச்சிகளைக் கிளறுகின்றனவா என்பது நம் கையில் இருக்கிறது என்கிறார். எண்ணம் வாசலுக்கு வந்ததற்காக யாரும் குற்றவாளி ஆவதில்லை. வந்தவரை உட்காரவைத்துப் பாய் விரிப்பதில்தான் தவறு தொடங்குகிறது. மனச்சான்றைத் துருவித் துருவி வதைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரிய விடுதலை!

எட்டில் அகேடியா மட்டும் தனி ரகம். பிளேட்டோவைப் பின்பற்றி ஆன்மாவை அறிவு, சினம், விருப்பம் என மூன்று பகுதிகளாகப் பார்த்தவர் எவாக்ரியுஸ். மற்ற எண்ணங்கள் ஏதாவது ஒரு பகுதியைத் தொடும். அகேடியா முழு ஆன்மாவையும் சூழ்ந்து அறிவின் கழுத்தை நெரிக்கும் என்பது அவர் கணிப்பு. 119ஆம் சங்கீதத்தின் 28ஆம் வசனத்துக்கு எழுதிய குறிப்பில் இதை இன்னும் துல்லியமாக்குகிறார். சினமும் விருப்பமும் ஒரே சமயத்தில், நீண்ட நேரம், சேர்ந்து கொந்தளிப்பதே அகேடியா. கையில் இருப்பதன் மேல் சினம், கையில் இல்லாததன் மேல் ஏக்கம். அந்த வசனத்தின் கிரேக்க வடிவில் அகேடியா என்ற சொல்லே வருகிறது. நம் தமிழ் வேதாகமம் அங்கே என்ன சொல்கிறது? 'சஞ்சலத்தால் என் ஆத்துமா கரைந்துபோகிறது.'

சஞ்சலம் என்ற சொல், எபிரேயத்திலிருந்து வந்ததென்றாலும், சோம்பலைவிட எவ்வளவோ பக்கத்தில் நிற்கிறது. என்னைக் கேட்டால் இன்னும் பொருத்தமான ஒரு வழக்கு நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது: இருப்புக் கொள்ளவில்லை. மகன் வீடு திரும்ப நேரமாகிறது, அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை என்போம். அங்கே காரணம் தெரியும். காரணம் தெரியாமலே, இருக்கும் இடத்தில் இருப்புக் கொள்ளாமல் போவதுதான் அகேடியா. 

அதனால்தான் அகேடியா பிடித்தவர் படுத்தே கிடப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. அவர் ஓயாமல் எதையாவது செய்துகொண்டிருக்கலாம், அதுவும் நல்ல காரியமாக. நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிறவர் உண்மையில் தன் அரிப்பைத்தான் தீர்த்துக்கொள்கிறார் என்று எவாக்ரியுஸ் எழுதும்போது, நோயாளிகளைச் சந்திப்பது தவறு என்று அவர் சொல்லவில்லை. எதிலிருந்து கிளம்பினோம் என்பதைப் பார்க்கச் சொல்கிறார். அவருடைய சிந்தனையை இலத்தீன் உலகுக்குக் கொண்டுபோனவர் ஜான் காசியன். எகிப்தில் ஆண்டுக்கணக்கில் பழகிவிட்டுப் பிறகு பிரான்சின் மார்சேயில் மடங்கள் நிறுவியவர். பாலைவனத்தில் புதிதாக இருந்தபோது நடந்த ஒன்றை அவரே சொல்கிறார். நேற்று அகேடியா கடுமையாகத் தாக்கியது, உடனே அப்பா பவுலிடம் ஓடினேன், விட்டுப்போயிற்று என்று மூத்த துறவி மோசேயிடம் சொன்னாராம். மோசே ஒத்துக்கொள்ளவில்லை. நீ அதிலிருந்து விடுபடவில்லை, அதற்கு அடங்கிப்போனாய். களத்தை விட்டு ஓடியவன் என்று எதிரி உன்னைக் கண்டுகொண்டான், இனி இன்னும் பலமாக வருவான் என்றார்.

அப்படியானால் மருந்து என்ன? முதல் மருந்து அதே இடத்தில் இருப்பது. 'உன் அறைக்குப் போய் உட்கார், உன் அறை உனக்கு எல்லாவற்றையும் கற்றுத்தரும்' என்பது பாலைவனத் தந்தையரின் புகழ்பெற்ற வாக்கு. ஆனால் சும்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவு வைத்துக்கொள், அந்த அளவை முடிக்காமல் எழுந்திருக்காதே என்கிறார் எவாக்ரியுஸ். மலைபோன்ற வருடங்களைக் காட்டித்தான் அகேடியா பயமுறுத்துகிறது. அளவு வைத்தவனுக்கு முன்னால் இருப்பது இன்றைய ஒரு முழக் கயிறு மட்டும். அவருடைய ஆசான் மக்காரியுஸ் இதையே வேறு விதமாகச் சொல்வாராம்: நாளைக்கே சாகப்போகிறவனைப் போல வாழ், ஆனால் பல ஆண்டுகள் சேர்ந்து வாழப்போகிற உடம்பைப் போல உன் உடம்பை நடத்து. முதல் பாதி அகேடியாவின் வேரை அறுக்கும், இரண்டாம் பாதி உடம்பைக் காக்கும்.

இன்னொரு மருந்து எனக்கு மிகவும் பிடித்தது. ஆன்மாவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறார்: ஒரு பாதி ஆறுதல் சொல்லட்டும், மறு பாதி அதைக் கேட்கட்டும். இதற்கு அவர் தாவீதின் பெயரில் எடுத்துக் கொடுக்கும் சொற்கள்: 'என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?' 42ஆம் சங்கீதத்தை எத்தனையோ முறை பாடியிருக்கிறோம். அதில் ஒரு மனிதன் தன்னோடு தானே பேசுகிறான் என்பதும், அதுவே ஒரு சிகிச்சை என்பதும் இதைப் படிக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. எண்ணத்துக்கு வசனத்தால் பதில் சொல்லும் இந்த முறையை அவர் ஒரு கையேடாகவே எழுதியிருக்கிறார். எட்டு எண்ணங்களுக்கு எட்டுப் பகுதிகள், ஏறக்குறைய 500 பதில்கள். பாலைநிலத்தில் இயேசு சோதனைக்காரனுக்கு வசனத்தால் பதில் சொன்னதுதான் முன்மாதிரி.

கைவேலை மூன்றாவது மருந்து. காசியன் சொல்லும் அப்பா பவுல், ஊரிலிருந்து ஏழு நாள் நடை தூரத்தில் வாழ்ந்தவர். கூடைகளை அங்கிருந்து சந்தைக்குக் கொண்டுபோனால் கூலிக்கே கட்டாது. ஆனாலும் தினமும் ஓலை சேகரித்து, அன்றைய அளவை முடைந்து முடித்தார். வருடக் கடைசியில் குகை நிறைந்ததும் எல்லாவற்றையும் எரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்தக் கதை பலரை உறுத்தும். வீண் உழைப்பு என்று தோன்றும். ஏழைக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம்; கொடுக்க அங்கே ஆளில்லை. காசியன் காட்ட வந்தது ஒன்றே: கூடை விற்காவிட்டாலும் முடைந்த மனிதன் அந்த இடத்தில் நிலைத்தான்.

இவ்வளவு நுட்பமான ஒன்று எப்படிச் சோம்பலாகச் சுருங்கியது? காசியன் எட்டு எண்ணங்களை அப்படியே வைத்திருந்தார். 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் அந்தப் பட்டியலைத் திருத்தினார். செருக்கை எல்லாவற்றுக்கும் வேராகத் தனியே எடுத்து வைத்தார், பொறாமையைச் சேர்த்தார், அகேடியாவைத் துயரத்துக்குள் கரைத்தார். ஏழு பிறந்தது. துயரம் பெற்றெடுக்கும் பிள்ளைகள் என்று அவர் சொன்னவற்றுள் 'மனம் அலைதல்' இருக்கிறது; பழைய அகேடியா அந்தப் பெயரில் உள்ளே ஒளிந்திருந்தது. பிற்காலத்தில் அகேடியா என்ற பெயரே மீண்டும் பட்டியலில் ஏறியது, ஆனால் மடத்துச் சுவருக்கு வெளியே வந்துவிட்டது. 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருளடையாளத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது பெறுவதைக் கட்டாயமாக்கியது. குருக்களுக்குக் கையேடுகள் பெருகின. உழவரிடமும் வணிகரிடமும் போய் நண்பகலில் சூரியன் நிற்பது போலத் தோன்றியதா என்று கேட்க முடியுமா? பூசைக்குத் தாமதமா, மறையுரையின்போது தூக்கமா, கடமையில் அலட்சியமா என்று கேட்டார்கள். உள்ளே நடந்த ஒன்று வெளியே எண்ணக்கூடிய குற்றங்களாக மாறியது. அங்கிருந்து சோம்பலுக்கு ஓரடி தூரம்தான்.

அந்த நூற்றாண்டிலேயே பழைய ஆழத்தைக் காப்பாற்றியவர் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். அகேடியா என்பது கடவுள் தரும் நன்மையைக் கண்டே மனம் வருந்துவது என்றார். அன்பிலிருந்து பிறக்க வேண்டிய மகிழ்ச்சிக்கு அது நேர் எதிரி. பத்துக் கட்டளைகளில் அகேடியா எதை மீறுகிறது என்று அவர் சொல்லும் பதில், முதல்முறை படித்தபோது என்னை நிறுத்தி வைத்தது. ஓய்வுநாளைப் புனிதமாக அனுசரி என்ற கட்டளையை. சோம்பேறி மீறுவது வேலை நாளை அல்லவா? ஆனால் மனம் கடவுளில் இளைப்பாற வேண்டும் என்பதே அந்தக் கட்டளையின் உட்பொருள் என்றும், அகேடியா இளைப்பாற முடியாத நிலை என்றும் அக்குவினாஸ் புரிந்துகொண்டிருந்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் இல்லை. அகேடியாவை இன்றைய மனச்சோர்வு நோயோடு ஒன்றாக்கிப் பேசுவது பரவலாக இருக்கிறது. சில அறிகுறிகள் ஒத்துப்போவது உண்மை. ஆனால் எவாக்ரியுஸே துயரத்தையும் அகேடியாவையும் இரண்டாகத்தான் எண்ணினார். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், உயிர்மேல் வெறுப்பு வந்தவருக்கு உடனே தேவை மருத்துவர். அவரிடம் போய் 'இது சோம்பல், ஜெபம் போதாது' என்று சொல்வது கொடுமை. பாலைவனத் தந்தையர் பெயரில் அதைச் செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

இத்தனைக்கும் எவாக்ரியுஸின் பெயரையே திருச்சபை பல நூற்றாண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தது. ஆன்மாக்கள் உலகத்துக்கு முன்பே இருந்தன என்பது போன்ற, 3ஆம் நூற்றாண்டு இறையியலாளர் ஒரிஜனிடமிருந்து வந்த கருத்துகளுக்காக, 553இல் கூடிய பொதுச்சங்கத்தை ஒட்டி அவரும் கண்டனத்துக்கு ஆளானார். கிரேக்க மடங்களோ அவர் நூல்களை விட மனமின்றி, நீலுஸ் என்ற வேறொரு துறவியின் பெயரில் படியெடுத்துப் படித்தன. கிரேக்கத்தில் அழிந்தவை, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் பாடிய அதே சீரியாக் மொழியிலும் அர்மீனியத்திலும் தங்கின. 20ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கியோமோன் போன்றவர்கள் சுவடிகளை ஒப்பிட்டு அவர் எழுத்தை அவருக்கே மீட்டுக் கொடுத்தார்கள். கியோமோன் 1960களில் கெல்லியா இருந்த இடத்தையும் மணலுக்கடியில் அடையாளம் கண்டார். பிரெஞ்சு, சுவிஸ் குழுக்கள் தோண்டத் தோண்ட நூற்றுக்கணக்கான குடில்கள் வெளிவந்தன.

புதிதாகப் படிக்க வருபவர்கள் 'ப்ராக்திகோஸ்' நூலின் அந்தப் பன்னிரண்டாம் அதிகாரத்திலிருந்தே தொடங்கலாம். ஜன்னல், வாசல், வெயில், வெறுப்பு என்று அடுக்கிக்கொண்டே போகும் அது, முடியும்போது சட்டென்று தணிகிறது. இந்தப் பேயின் பின்னால் உடனே வேறெந்தப் பேயும் வருவதில்லை என்கிறார் எவாக்ரியுஸ். போராட்டம் முடிந்த பிறகு ஆன்மாவுக்குக் கிடைப்பது அமைதியும், சொல்லில் அடங்காத மகிழ்ச்சியும்.